வெளுத்துப் போன வெல்லம்

ஆனந்தி போனைக் கையில் எடுத்தால் முதலில் அதன் முதுகைத் துடைப்பாள். படம் எடுக்கத்தான் என்றில்லை. அம்மாவோடு பேச எடுத்தாலும் மணி பார்க்க எடுத்தாலும், முந்தானை நுனியைச் சுட்டுவிரலில் சுற்றி அந்தச் சின்னக் கண்ணாடியை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. பல வருஷமாக இதைப் பார்த்துவரும் கொழுந்தன் சந்தனம், "எங்க மதினி போனுக்கு மொகம் கழுவி விட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்பும்" என்பான். அவள் சிரிக்காமல் துடைத்துக்கொண்டிருப்பாள். வெல்லப்பாகின் ஆவி எங்கெல்லாம் போய் ஒட்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். துடைக்காமல் எடுத்தால் படம் முழுக்கப் பனி இறங்கியதுபோல் இருக்கும்.

கேரள மலையோரத்து மறையூரில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அவர்களுடைய ஆலைக்கொட்டகை. கணவன் பெரியமுத்து கரும்பை இயந்திரத்தில் கொடுத்துச் சாறு பிழிவான். தம்பி சந்தனம் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பதம் பார்ப்பான். இறக்கி ஆறவைத்த பாகைக் கைச்சூட்டோடு உருண்டை பிடிப்பது ஆனந்தியின் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வெளியாள் யாராவது கொட்டகைக்குள் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் வந்தவர் எதை எடுத்துப் பார்த்தார், எதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார் என்று அவர் போனபிறகு அவளிடம் கேட்டால் சொல்வாள்.

வியாபாரி வைத்ததே விலையாக இருந்த காலத்தில்தான் அவள் படம் எடுக்கத் தொடங்கினாள். மறையூர் வெல்லம் கறுப்பாக இருக்கும். சமவெளியிலிருந்து வரும் வெளுத்த வெல்லத்தை அதே பெயரில் விற்பவர்கள் உண்டு. கேரளத்தில் கலப்படத்தை மாயம் என்பார்கள். மாயம் சேர்க்காத வெல்லம் எப்படி ஆகிறது என்று காட்டினால் வாங்குகிறவர்கள் நேராக நம்மிடமே கேட்பார்களே என்று தோன்றியது. ஓடும் படமாக எடுத்து, பேச்சும் சேர்த்து இணையத்தில் போடுவாள். முகம் காட்ட மாட்டாள். கை மட்டும். அந்தக் கைகளை நம்பிப் பாலக்காட்டிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் ஆட்கள் பார்சல் கேட்டார்கள். கடைசியில் இவர்கள் வியாபாரியை விட்டே விட்டார்கள்.

அவளுடைய சாமான்களைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மருந்தடிக்கும் பம்பின் பழைய குழாயை மண் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டு, அதில் போனை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருப்பாள். அசையவே அசையாது. சூட்டில் போன் படுத்துவிடாமல் இருக்க அதன் பின்னால் ஈரச்சாக்கு. கண்ணாடியில் ஈரம் படாமல் ஒரு விரல் தள்ளி. சட்டையில் மாட்டும் மலிவு மைக்குக்குக் கிழிந்த ஸ்வெட்டரின் கம்பளித் துண்டில் ஒரு குல்லா. அந்தக் குல்லா இல்லையென்றால் பள்ளத்தாக்குக் காற்று பேச்சைத் தின்றுவிடும். இயந்திரம் ஓடும்போது பேசிப் பயனில்லை என்பதால் பேச்சை மட்டும் வீட்டில், தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தனியாகப் பதிவு செய்வாள். "உள்ள யாருகூடப் பேசிக்கிட்டு இருக்க?" என்று பெரியமுத்து ஆரம்பத்தில் கம்பளியைத் தூக்கிப் பார்த்ததுண்டு.

அந்த ஆடி மாதம் மேகம் விலகவே இல்லை. கொட்டகைக்குள் அடுப்பு வெளிச்சம் மட்டும். ஓணத்துக்கு முன்பாக வரும் பார்சல்கள்தான் அவர்களுக்கு வருஷத்திலேயே பெரியவை. அதற்குள் ஒரு நல்ல படம் போட்டாக வேண்டும். போன் கடை சதீஷிடம் போனாள்.

"அக்கா, இந்தா இந்தப் பலகை லைட்டைப் போடுங்க. கல்யாண வீடு மாதிரி இருக்கும்."

"கண்ணு கூசுது."

"கூசுனாத்தான் லைட்டுக்கா. கூசாட்டி அது விளக்கு."

அவன் ஏன் இவ்வளவு உற்சாகமாக இருக்கிறான் என்ற சந்தேகத்தோடேயே வாங்கி வந்தாள். கொப்பரைக்கு எதிரே கட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்தாள். போட்டாள்.

போட்ட மறுநாள் பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து ஜானகியம்மாள் கூப்பிட்டாள். ஓணத்துக்கு நேந்திரங்காயை வறுத்து வெல்லப்பாகில் புரட்டி, சர்க்கரை வரட்டி போட்டு விற்கிறவள். அவர்களிடம் அதிகம் வாங்குவதும் அவள்தான்.

"ஏண்டி பொண்ணே, நான் என்ன குருடின்னு நெனச்சுண்டயா?"

"என்னாச்சும்மா?"

"வெல்லம் மஞ்சளா மினுங்கறதே! மருந்து போட ஆரம்பிச்சுட்டேளா? வெளுத்த வெல்லம் வேணும்னா நேக்கு இங்க தெருக்கோடிக் கடையில இருக்கு. உங்கிட்ட என்னத்துக்கு வாங்கணும்?"

"இல்லம்மா, நாங்க எதுவும்…"

"நீ போடலை. ஆத்துல ஆம்பளைகள் போட்டா நோக்குத் தெரியுமோ? ஓணத்துக்கு நேக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

படத்துக்குக் கீழேயும் அதுதான். 'இவங்களும் ஆரம்பிச்சாச்சு' என்று ஒருவர். 'கை மட்டும் காட்டுறப்பவே நெனச்சேன்' என்று இன்னொருவர். கேட்டிருந்த பார்சல்களை ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். ஓணத்துக்குள் இந்தப் பேச்சு நிற்காவிட்டால் மறுபடி வியாபாரியின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆனந்தி படத்தை மறுபடி பார்த்தாள். ஊரார் சொன்னது பொய்யில்லை. அவள் கையிலிருந்த உருண்டை வெளுத்துத்தான் இருந்தது. அவள் பிடித்த உருண்டைதான். ஆனால் அந்த இருட்டில் அது என்ன நிறத்தில் இருந்தது என்று அவளாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த உருண்டைகளோ கோணி கட்டி அன்றைக்கே போய்விட்டன. இன்றைக்குப் பிடித்தது கறுப்பாக இருந்தாலும் அன்றைக்கு எதுவும் சேரவில்லை என்று ஆகிவிடுமா?

'ஆத்துல ஆம்பளைகள் போட்டா நோக்குத் தெரியுமோ?' அந்தக் கேள்வி கிளம்பியபின் நிற்கவில்லை. போன மாதம் சந்தனம் சொன்னது நினைவுக்கு வந்தது: "மதினி, வெளுப்பா இருந்தா கடைக்காரன் கேள்வி கேக்காம எடுக்கான். நம்மதுதான் தார் உருண்டை மாதிரி இருக்கு." அன்று அதைக் கேலி என்று விட்டிருந்தாள். பாகின் அழுக்கு பிரிய எல்லா ஆலையிலும் துளிச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அது எப்போதும் குழைத்த சுண்ணாம்பாகக் கொட்டாங்குச்சியில் இருக்கும். ஆனால் கொஞ்ச நாளாகச் சந்தனத்தின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். எழுத்தோ படமோ இல்லாத பொட்டலம். உள்ளே வெள்ளைத்தூள். அவள் பக்கம் வந்தால் மடித்துச் செருகிக்கொள்கிறான்.

பெரியமுத்துவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, தம்பி மடியில என்ன வச்சிருக்காரு?"

"எவன் மடியில என்ன இருந்தா ஒனக்கென்ன? பாக்குப் பொட்டலமா இருக்கும்."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இவருக்கும் தெரியுமோ?

மறுநாள் காலை ஆண்கள் வருவதற்கு முன்பே கொட்டகைக்குப் போனாள். கொப்பரைக்கு நேர் எதிரே கரும்புச் சக்கை மலைபோல் குவிந்து கிடந்தது. அதில் குழி பறித்துப் போனைச் செருகினாள். திரை வெளிச்சத்தைக் குறைத்தாள். யாராவது கூப்பிட்டால் படம் அறுந்துவிடும் என்பதால் விமானப் படம் போட்ட பொத்தானை அமுக்கினாள். கொப்பரையும் மரத்தொட்டியும் தெரியும்படி, பின்கண்ணாடிக்கு முன்னால் இருந்த சக்கையை மட்டும் விலக்கிவிட்டாள். பாகு பொங்கும் நேரத்துக்குச் சரியாகச் சக்கை அள்ளுவதுபோல் போய்ப் பதிவைத் தொடங்கிவிட்டு வந்தாள். எல்லாம் கற்றுவைத்திருந்தது இதற்குத்தானா என்று ஒரு கணம் அவளுக்கே கூசியது.

கொப்பரை இறங்கிப் பாகு மரத்தொட்டிக்கு வந்தது. அவள் உருண்டை பிடிக்க உட்கார்ந்தாள். சும்மா இருந்தால் சந்தேகப்படுவான் என்று, வழக்கம்போல் எழுந்து லைட்டையும் போட்டாள்.

"போனைக் காணோம், லைட்டு மட்டும் எதுக்கு மதினி? வெல்லத்துக்குக் குளிருதா?"

"போன் சார்ஜுல கெடக்கு. வெளிச்சம் எங்க விழுதுன்னு பாக்கேன்."

பொய் சொல்லி வழக்கமில்லாத வாய். அவன் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்ததுபோல் இருந்தது.

மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படத்தை ஓட்டினாள். சந்தனம் வருகிறான். மடியிலிருந்து பொட்டலத்தை எடுக்கிறான். தூளைக் கொட்டாங்குச்சியில் தட்டித் தண்ணீர் விடுகிறான். குச்சியால் குழைக்கிறான். பிறகு காதில் செருகியிருந்த வெற்றிலையை எடுத்து, குழைத்ததில் விரலைத் தொட்டு, வெற்றிலையில் தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போடுகிறான். மிச்சத்தில் ஒரு துளியைக் கொப்பரையில் விட்டுவிட்டு மென்றுகொண்டே போகிறான்.

சுண்ணாம்புதான். வெல்லத்தை வெளுக்கும் மருந்தை எவனும் வெற்றிலையில் தடவித் தின்ன மாட்டான்.

ஆனால் வெளுப்பு? படம் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தொட்டியில் அவள் பிடித்து வைத்த உருண்டைகள் புளியங்கொட்டைக் கறுப்பில் இருந்தன. அவளுடைய கை எட்டி லைட்டின் பொத்தானை அமுக்கியது. அந்த நொடியில், படத்தில் இருந்த அத்தனை உருண்டைகளும் மஞ்சளாக வெளுத்தன.

மறுபடி பின்னால் தள்ளிப் பார்த்தாள். கறுப்பு. கை. மஞ்சள். புகை பிடித்த கரிச்சுவரைப் பார்த்து இருட்டு என்று நினைத்த போன், எல்லாவற்றையும் தூக்கி வெளிச்சமாக்கியிருக்கிறது. அதன்மேல் இந்தக் கண்கூசும் லைட்டையும் வெல்லத்துக்கு நேராகப் பிடித்தால் எது வெளுக்காது? சந்தனத்தின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தன் கையைப் பார்க்கவில்லை.

அன்றே லைட்டைத் திருப்பிச் சுவரில் கட்டிய வெள்ளைச் சாக்கின்மேல் அடித்தாள். வெளிச்சம் சாக்கில் பட்டு மெதுவாகத் திரும்பியது. திரையில் வெல்லத்தின்மேல் விரலை விடாமல் அழுத்தினாள். போன் அதற்குத் தோதாக வெளிச்ச அளவைப் பூட்டிக்கொண்டது. வெல்லம் வெல்லத்தின் நிறத்தில் தெரிந்தது. ஜானகியம்மாளைக் கூப்பிட்டு, புதுப் படம் அனுப்புகிறேன் என்றாள்.

"நீ ஆயிரம் அனுப்பு. படம் எடுக்கறான்னு தெரிஞ்சா எவன் மருந்து போடுவான்? கேமரா இருக்கறது அவனுக்குத் தெரியாம எடுத்தது இருந்தாச் சொல்லு, நம்பறேன்."

இருந்தது. அதுதான் சங்கடம். அதைப் போட்டால் வெல்லத்தின் பெயர் நிமிரும். ஆனால் பார்த்த மாத்திரத்தில் சந்தனத்துக்கு எல்லாம் தெரிந்துவிடும். கேட்டபோது பெரியமுத்து யோசிக்கவே இல்லை. "போட்டுவிடு. நம்மாளுதானே, என்ன நெனைப்பான்?" என்றான். தம்பி என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாமல் எடுத்ததை அவனுக்குத் தெரியாமலே போடவும் மனம் வரவில்லை. சாயங்காலம் அவன் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது போனை நீட்டினாள்.

சந்தனம் பார்த்தான். வெற்றிலை மடிக்கும் இடத்தில் சிரித்தான். "பாரேன், நடிகன் மாதிரி இருக்கேன்." லைட் போட்டதும் வெல்லம் வெளுத்ததைப் பார்த்து, "அடப்பாவி, சதீசு குடுத்த மாயம்!" என்றான். பிறகு படத்தை முதலிலிருந்து ஓட்டினான். இந்தத் தடவை வெல்லத்தைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் மங்கலாக மறைத்துக்கொண்டிருந்த ஒரு சக்கைத் துணுக்கைப் பார்த்தான்.

"மதினி, வாளியும் குழாயும் அந்தப் பக்கம்ல நிக்குது. இது எங்க இருந்து எடுத்தது?"

அவள் முந்தானை நுனியைச் சுட்டுவிரலில் சுற்றினாள்.

"சக்கைப் போருக்குள்ள இருந்தா?"

"ஆமா."

"சார்ஜுல கெடக்குன்னியே."

"பொட்டலம் மடியில இருந்துச்சு. என்னனு தெரியல. நான் வந்தா செருகிக்கிட்டீங்க."

"கொரங்கு கொட்டாங்குச்சியத் தூக்கிட்டுப் போகுதுன்னு மடியில வச்சேன். ஒன் ஈரக்கை பட்டா கட்டி தட்டிருமேன்னு செருகுனேன். என்னன்னு கேட்டா சொல்லிருக்க மாட்டேனா?"

கேட்டிருக்கலாம். யாரிடமும் நேராகக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை, பார்த்துத்தான் பழக்கம்.

"போடாம விட்டுருதேன்" என்றாள்.

"போடு மதினி. ஓணம் வருதுல்ல." போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். எப்போதும் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவன் அன்று சாப்பிட வரவில்லை.

படத்தைப் போட்டாள். கம்பளிக்குள் உட்கார்ந்து, வெல்லம் வெளுத்தது தன் லைட்டினால் என்றும், பதம் பார்ப்பவர் மேல் குற்றமில்லை என்றும், அவரைச் சந்தேகப்பட்டது தன் தப்பு என்றும் பேசிச் சேர்த்திருந்தாள். ஜானகியம்மாள் கேட்டுவிட்டு, "பாவம்டி அந்தப் பிள்ளை" என்றாள். பார்சலும் கேட்டாள். விட்டுப் போனவர்களில் பாதிப்பேருக்கு மேல் திரும்பினார்கள். மிச்சப்பேர் இதையும் நாடகம் என்றார்கள்.

இன்று ஆலை ஓடுகிறது. ஆனந்தி படம் எடுக்கிறாள். லைட் சாக்கைப் பார்த்தே நிற்கிறது. சந்தனம் பதம் பார்க்கிறான், மதினி என்றுதான் கூப்பிடுகிறான், ஆனால் கேலி பேசுவதில்லை. காலையில் கொட்டகைக்குள் வந்ததும் சக்கைப் போரை ஒரு கழியால் கிளறிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறான். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குப்போணியில் வெளியிலிருந்து வாங்கி வந்து தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறான்.