கட்டியவர் பெயர்

கட்டட வேலை எடுக்கும் குத்தகையாளர் உரிமத்துக்குப் படிவம் நிரப்பித் தரும் தொழிலில், கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று நம்பி இறங்குகிறவர் முதல் வாரத்திலேயே திருந்திவிடுவார். வாய்மொழிப் பாடல்களின் பாடபேதங்களைத் தொகுத்துக் காலம் கழித்த நான், ஓய்வுக்குப் பின் மலேசியாவின் செர்டாங் கடைத்தெருவில் மேசை போட்டு இதைச் செய்து வருகிறேன். படிவங்களோடு மல்லுக்கட்டிய அன்பர்களுக்கு இங்கே சொல்லப்போவதில் எதுவும் புதிதாக இராது.

நான்காம் பகுதி

ஆறுமுகம் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் முப்பது ஆண்டுகளாகக் கொத்துவேலை செய்பவர். தோட்டத்துக் கோயிலின் புது மண்டபத்தைக் கட்டும் வேலை அவருக்கே என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. உரிமம் பெற்றவர்தான் கட்டலாம் என்று அனுமதி தரும் அலுவலகம் சொல்லிவிட்டது. மாத இறுதிக்குள் உரிமம் வராவிட்டால் வேலை வெளியூர்க்காரருக்குப் போகும்.

படிவத்தின் நான்காம் பகுதி, இதுவரை முடித்த வேலைகளை எழுத்துச் சான்றுடன் கேட்டது. என்ன சான்று வைத்திருக்கிறீர்கள் என்றேன். அவர் சொன்னார்: "வரிசையா இருவது வீட்டு அடுக்களை நான் கட்டுனது. செவுத்தப் பேத்துக் கொண்டாந்தா ஐயா இதுல ஒட்டுறது?"

மூன்று பாடங்கள்

வீட்டுக்காரர்களிடம் கடிதம் வாங்கலாம் என்று இருவரும் புறப்பட்டோம். புதுமனை புகும் நாளில் வீட்டுக்காரர் "நானே நின்னு கட்டுனது" என்று சொல்வது எங்கள் தோட்டங்களில் ஒரு மரியாதை. ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி அதுவே வரலாறாகிவிட்டிருந்தது.

முதல் வீட்டில் சொன்னபடி, கட்டியவர் வீட்டுக்காரரின் மைத்துனர். ஆறுமுகம் சிமெண்டு மட்டும் குழைத்தார். இரண்டாம் வீட்டில், வீட்டுக்காரரே கட்டினார். ஆறுமுகம் தேநீர் குடிக்க வந்து போனவர். பழக்கதோஷத்தால் இரண்டையும் குறித்துக்கொண்டேன். மூன்றாம் வீட்டுக் கணேசன், முன்னாள் லாரி ஓட்டுநர், பக்கத்தில் நின்ற ஆறுமுகத்தின் தோளில் கைபோட்டபடியே சாட்சி சொன்னார்: "தம்பி கூட இருந்தான், இல்லேங்கல. ஆனா மூளை என்னுது லா."

கல்வெட்டு

கோயில் மதில் சுவரையும் ஆறுமுகமே கட்டியிருந்தார். அதில் பதித்த பளிங்குக்கல்லில் தலைவர், செயலாளர், பொருளாளர், குழல்விளக்கு உபயம் செய்தவர் என எல்லாருடைய பெயரும் இருந்தது. கட்டியவர் பெயர் மட்டும் இல்லை. கடிதமாவது தாருங்கள் என்று தலைவரிடம் கேட்டேன். கல்லில் இல்லாததைத் தாளில் எப்படி எழுதுவது என்று அவர் வருந்தினார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "தம்பி பேரையும் போட்டா கல்லுல எடம் பத்தாதுன்னு அப்பவே மீட்டிங்ல பேசினோம் ஐயா."

சரோஜா அக்கா

"விடுங்கய்யா, வர்றவன்கிட்டயே கூலிக்குப் போறேன்" என்று ஆறுமுகம் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். மற்ற வீடுகளிலும் இதே கதைதான்; ஒரு வீடு மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வீட்டுச் சரோஜா அக்காவுக்கும் அவருக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. குளியலறைத் தரையின் வாட்டம் தவறி, தண்ணீர் அடுக்களைக்குள் ஓடுவதே காரணம். "இதக் கட்டுனது ஆறுமுகம்" என்று அக்கா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி வந்தார். அத்தனை ஆண்டுகளில் ஒரு சொல்கூட மாறாத பாடம் தோட்டத்தில் அது ஒன்றுதான்.

தோட்ட அலுவலகத்துக்கு அக்கா அப்போதே மலாய் மொழியில் எழுதிய புகாரின் நகல், முத்திரையோடு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. அடுக்களை, முன்கூரை, குளியலறை மூன்றையும் கட்டியவர் ஆறுமுகம், குளியலறை சரியில்லை என்று தேதியோடு எழுதியிருந்தார்.

நான்காம் பகுதிக்கு இதுவே எழுத்துச் சான்று என்றேன். "என் மானத்த நானே கொண்டுபோயிக் குடுக்கவா?" என்றார் ஆறுமுகம்.

"மொதல்ல தரைய ஒடச்சு நேராக்கு. அப்பறம் தர்றேன்," என்றார் அக்கா.

ஆறுமுகம் இரண்டு நாளில் தரையை உடைத்து மறுபடி போட்டார். அக்கா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது போகிற வழியைப் பார்த்துவிட்டு, நகலின் அடியில் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

உரிம அதிகாரி அதை இருமுறை வாசித்தார். அவர் மலாயில் சொன்னதற்கு என் தமிழாக்கம் இது, கடைசி இரு சொற்கள் மட்டும் மூலப்படி, 'சரி, தரலாம்' என்று பொருள்: "மூன்று வேலை. இரண்டின்மேல் புகார் இல்லை, மூன்றாவதைத் திருத்தியாயிற்று. போலே லா."

மண்டபத்தை ஆறுமுகமே கட்டி முடித்தார். அங்கே பதித்த புதுக் கல்வெட்டிலும் அவர் பெயர் இல்லை, ஆனால் கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்பதில் தோட்டத்தில் பாடபேதமே கிடையாது.