ஆலமரத்தில் தொங்கிய உரப்பை

காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பள்ளிக்கூடம் போக வெளியே வந்த நான் முதலில் கண்டது, எங்கள் ஒழுங்கையின் கடற்கரை முனையில் குறுக்கே கட்டியிருந்த நைலோன் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் அயலவர்கள் நின்றார்கள். ஒருவரின் வாயில் பல்துலக்கி இன்னும் இருந்தது. அந்தப் பக்கம் இரண்டு பொலிஸ்காரரும் துவக்கோடு ஒரு சிப்பாயும். எல்லோரும் தண்டவாளத்தை ஒட்டி நின்ற ஆலமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அதன் கிளையொன்றில் வாய் கட்டிய உரப்பை ஒன்று தொங்கியது.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்தப் போர் நாட்களில் பஸ்ஸில் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டிக்கே தெருவை மூடுவார்கள். இதுவோ தண்டவாளத்துக்குப் பக்கத்தில். போதாததற்குப் பையில் யூரியா என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருந்தது. வெடிமருந்து செய்யலாம் என்று வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்திருந்த உரம் அது. குண்டு அகற்றுகிறவர்கள் வந்து பையைச் சுடப்போகிறார்கள் என்று கூட்டத்தில் கதைத்தார்கள்.

அதைக் கட்டியவர் என் பெரியம்மா. எனக்கு அது நன்றாகத் தெரியும். முந்தின நாள் பின்னேரம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

பெரியம்மா கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குக் காத்துக் கிடந்து, எங்களிடம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. லண்டனில் இருந்த மகனிடம் போவதற்கான விசா நேர்முகம் அடுத்த திங்கட்கிழமை. அதுவரை பொலிஸ் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வீட்டுக்குள் இருந்து பழகாதவர் பெரியம்மா. மூன்றாம் வீட்டு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா, கொல்லையில் இரண்டு மாடு வைத்துப் பால் விற்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் அங்கேதான் இருந்தார்.

நானா புறக்கோட்டையில் துணி விற்று அலுத்துப்போய் மாட்டுக்கு வந்தவர். அவருக்கு நாலு காலில் நிற்பதெல்லாம் மாடு. பெரியம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. முந்தின நாள் காலை அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது பசு. மற்றது நாகு, இன்னும் கண்டு போடேல்லை. மடி இறங்கியிட்டுது, வாலடியும் குழிஞ்சிட்டுது. இண்டைக்கோ நாளைக்கோ போடும். பேருவளைக் கலியாணத்துக்குப் போகாமல் நில்லுங்கோ நானா."

"தங்கச்சி சொல்லிட்டா, நான் எங்க போற?" என்றார் நானா. புதுச் சேர்ட்டைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு வந்து குந்தினார்.

அன்று மத்தியானம் நாகு கன்று போட்டது. பின்னேரம் இளங்கொடி விழுந்தது. கன்றைத் தொடர்ந்து விழும் அந்தச் சவ்வுப் பொதியை நானா ஒரு வாளியில் அள்ளிக் கால்வாயில் வீசப் புறப்பட்டார். பெரியம்மா வாளியைப் பறித்துவிட்டார்.

"நாய் இழுத்துத் திண்டா மாட்டுக்குப் பால் வத்திப்போம். பால்மரத்திலை கட்டவேணும்."

"பால்மரமா? கொழும்புல பாலே கெடைக்குதில்ல, மரம் எங்க தேடுற?"

கீறினால் பால் வடிகிற மரம் என்று பெரியம்மா விளக்கினார். நானாவின் கொல்லையில் இருந்தவை இரண்டு தென்னையும் ஒரு மாவும். ஆகவே தண்டவாளத்து ஆலமரம். புண்ணாக்கு வைத்திருந்த பைகளைக் கிளறி அவர் யூரியாப் பையைத் தேர்ந்தெடுத்தார். அதன் எழுத்தைக் கையால் நீவிவிட்டு, "எத்தினை வருசத்துக்குப் பிறகு இதைக் கண்ணிலை காணுறன்" என்றார். நல்ல உறுதியான பை என்றுதான் நானும் நினைத்தேன்.

கயிற்றைக் கண்ட அந்தக் காலை நான் வீட்டுக்கு ஓடிவந்து, வெளியே நடப்பதைச் சொன்னேன். அம்மா கதவைச் சாத்தினார்.

"அக்கா, வாயைத் திறக்காமல் உள்ளுக்கு இருங்கோ. சுடட்டும், சிதறட்டும். உங்களுக்குத் திங்கட்கிழமை போனாப் போதும். இப்ப பிடிச்சுக்கொண்டு போனா எப்ப விடுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"சிதறினா நாயும் காகமும் விடுமே? அது தலையீத்து மாடு. நான் நில் எண்டதுக்காகக் கலியாணத்தையும் விட்டுட்டு நிண்ட மனுசன்."

பெரியம்மா அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு, மற்றக் கையால் என்னையும் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டார். அவருக்குச் சிங்களம் தெரியாது. எனக்குக் கடைச் சிங்களம் தெரியும்.

"இதை யார் கட்டியது?" என்று இளைய பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான் எண்டு சொல்லு. இளங்கொடி எண்டு சொல்லு" என்றார் பெரியம்மா.

பாண், சீனி, மிச்சக் காசு எல்லாவற்றுக்கும் என்னிடம் சிங்களச் சொல் இருந்தது. இளங்கொடிக்கு இல்லை. தமிழிலேயே அது எனக்கு முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. மாடு, குட்டி, குட்டி விழுந்த பிறகு இன்னொன்று விழும், அது, என்று சொல்லிப் பையைக் காட்டினேன். சிப்பாய் துவக்கை இன்னும் உயர்த்தினான்.

மூத்த பொலிஸ்காரர் முன்னால் வந்து, "வெதமஹத?" என்று கேட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அவர் என்னை விட்டுவிட்டு, காற்றில் இரண்டு கையாலும் பால் கறந்து காட்டி, மரத்தைச் சுட்டி, முடிச்சுப் போட்டுக் காட்டினார். பெரியம்மா வேகமாகத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து நானா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், நெஞ்சோடு அணைத்த கன்றோடு.

"இந்தாங்க சேர், சாட்சி!"

கன்று "ம்மா" என்றது. மூத்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தன் ஊரிலும் பால்மரத்தில்தான் கட்டுவார்கள் என்று சிப்பாயிடம் சொன்னார். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். அவன் பட்டணத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும். அரிசிப் பையில் மாற்றிக் கட்டும்படியும் யூரியாப் பையைத் தன்னிடம் தரும்படியும் மூத்தவர் உத்தரவிட்டார். கயிறு அவிழ்ந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினேன்.

பதிவுத் துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மூத்தவர் என் மூலம் கேட்டார்: ஊரில் எத்தனை மாடு?

"பதினொண்டு."

இப்போது அவற்றை யார் பார்க்கிறார்கள்?

பெரியம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "மேய்ச்சலிலை நிக்குதுகள் எண்டு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். மூத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு நானா வீட்டிலிருந்து கடும்பு வந்தது. கன்று போட்ட மாட்டின் முதற்பாலைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் கட்டியாகத் திரளும். அதுபோல ஒரு ருசியை நான் அதுவரை கண்டதில்லை. பெரியம்மா தன் பங்கைத் தொடவில்லை. பிடிக்காது போலும் என்று அதையும் எடுத்துச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை அவர் நேர்முகத்துக்குப் போனார், விசா கிடைத்தது. நாகு நன்றாகப் பால் கறந்தது.

அம்மா பிறகுதான் சொன்னார்: பெரியம்மா கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட அன்று, பட்டியில் விட்டுவந்த பதினொன்றில் இரண்டு நிறைசினை.