உப்பா, சர்க்கரையா? மோகனூரிலிருந்து சேலம் வரை

மோகனூரிலிருந்து சேலத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எழுதத் தோன்றியது இந்த ஆவணியில்தான். என் மனைவி செல்விக்கு முப்பத்து நான்கு வயதில் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது கையும் பேச்சும் போயின. கை பாதி திரும்பியது. பேச்சு, வீட்டில் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. வெளியில் யார் கேட்டாலும் நானே பதில் சொல்லிவிடுவேன். இனி முழுசாகப் பேசுவாளா என்று மருத்துவரிடம் கேட்கத்தான் கிளம்பினோம்.

காலை 6.15க்கு வாடகைக் கார், 2,800 ரூபாய். நாமக்கல் 18 கிலோமீட்டர், அங்கிருந்து சேலம் 52. எட்டு மணிக்குச் சேர்ந்தோம்.

"ஏனுங்க, இத்தன சின்ன வயசுல இது எப்படிங்க வந்துச்சு?" என்று வழியில் ஓட்டுநர் கேட்டார்.

காரணம், ரத்தக்குழாயின் சுவரே வீங்கி உள்வழி சுருங்கும் ஓர் அழற்சி நோய். இடது கைக்குப் போகும் குழாய் சுருங்கியதால் அங்கே நாடியே கிடையாது. அந்தக் கையிலேயே அளந்து அளந்து 'லோ பிபி' என்று நம்பினோம். லோ பிபிக்கு எங்கள் பக்கத்து வைத்தியம் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. இரண்டு வருடம் நானே பிழிந்து கொடுத்தேன். பக்கவாதம் வந்தபின் வலது கையில் அளந்தபோதுதான் தெரிந்தது, உண்மையில் அவளுக்கு இருந்தது உயர் அழுத்தம்; உப்பு அதை இன்னும் ஏற்றியிருக்கிறது. இதை நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மருத்துவர் புது ஸ்கேனைக் காட்டினார். அடைபட்ட குழாயைச் சுற்றி மெல்லிய குழாய்கள் கிளம்பியிருந்தன. மடையை அடைத்தால் தண்ணீர் வரப்போரம் வழி தேடிக்கொள்ளுமே, அப்படி. யாரும் சொல்லாமல் அவள் உடம்பு பார்த்த வேலை. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"அழற்சி அடங்கியிருக்குங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "பேச்சு வர எடம் குடுங்க. நீங்க முந்திக்காதீங்க," என்றார்.

சேலத்தை ஒட்டிய மலையை அடிவாரத்திலிருந்தாவது அவளுக்குக் காட்டலாம் என்று கொண்டப்பநாயக்கன்பட்டி வரை போனோம். எலுமிச்சை சோடாக் கடையில் கடைக்காரர் செல்வியைப் பார்த்து, "உப்பா, சர்க்கரையாக்கா?" என்றார்.

வாய் திறந்த நான் மூடிக்கொண்டேன். அவள் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கடைக்காரரும் காத்திருந்தார், நல்ல மனிதர்.

"உப்பு... வேண்டாமுங்க. சர்க்கரை போட்டுக் குடுங்க."

நான் மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சிகிச்சைக்கு யாரையாவது கூட்டி வருகிறவர்கள் ஒன்பது மணிக்குள் சேலம் சேர்ந்துவிடுங்கள். பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். அழுத்தத்தை இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். நீங்கள் கூட்டி வந்தவரிடம் யாராவது ஏதாவது கேட்டால் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். பதில் வருவதற்குள் சோடாவில் காஸ் போனாலும் பரவாயில்லை.