பெயர் வாசிக்கும் வெல்மா

ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன் நிதிக் குழுத் தலைவர் ஆரின் ஸ்டாட்லர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கழுத்துப்பட்டையின் நுனியால் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டே தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். துடைப்பது சும்மா. சாய்ப்பதுதான் காரியம். குழுவின் மற்ற பதினெட்டு உறுப்பினர்களுக்கும் அது தெரியாது. இடது பக்கத்து நாற்காலியில் இருந்த குழுச் செயலர் வெல்மா ஹாகனுக்கு மட்டும் தெரியும்.

"பத்துக்கு ஒன்பது, நம்ம பக்கம்" என்பாள், உதடு அசையாமல். சில நாள், "இன்னைக்கு வேண்டாம்" என்பாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாக்கெடுப்பு என்பார், அல்லது பதினைந்து நிமிடம் காபி இடைவேளை என்பார். அவர் தலைவராக இருந்த பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்ன கணக்கு இரண்டே தடவைதான் பிசகியது.

அவளுக்குப் பெரிய படிப்பு கிடையாது. பதினாறு வயதில் பள்ளியை விட்டவள். ஆனால் கண் இருந்தது. யார் காகிதத்தை முதலில் மூடுகிறார், யார் எதிர்வரிசையைப் பார்த்து மீசையைத் தடவுகிறார், யார் காலையில் ஆதரவு தேடி வந்த எந்தப் பரப்புரைகாரனோடு முட்டை தின்றார், எல்லாம் பார்த்து வைத்திருப்பாள். அதிலிருந்துதான் கணக்கு வரும்.

அந்த மாநிலத்தில் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசிக்குள் வரவு செலவுத் திட்டத்தை முடித்துவிட்டு எல்லோரும் மாட்டுப்பண்ணைக்கும் கடைக்கும் திரும்பிவிடுவார்கள். செயலர்களும் அந்த நான்கு மாதத்துக்குத்தான். மற்ற நாளெல்லாம் வெல்மா தன் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் இருந்தாள். வியாழக்கிழமை தோறும் முந்நூறு பிள்ளைகளுக்கு பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பும், தொட்டுக்கொள்ளப் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும். இரண்டு இடத்திலும் தற்காலிகம்தான். இருபத்திரண்டு வருடம் தற்காலிகம். மருத்துவக் காப்பீடு இல்லை. இடது முழங்கால் தேய்ந்துபோய், மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை நின்றாள்.

அந்த வருடம் ஸ்டாட்லர் கொண்டுவந்த மசோதாவின் எண் இருநூற்றுப் பதினான்கு. அரசு ஊழியர்களுக்கு வருடக் கணக்குப் பார்த்துச் சம்பளம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, வேலையைப் பார்த்து ஏற்ற வேண்டும் என்பது அதன் சாரம். புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே இருப்பவர்களைத் தொடாது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன வரி இருந்தது. நிதிக் குழுவுக்கு வருடம் முழுக்க ஒரு நிரந்தரச் செயலர், காப்பீட்டோடு.

ஒரே ஒரு இடம். வெல்மா அந்த வரியை வாசித்த அன்று முழங்காலை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அதே வாரம்தான் ஜோடி க்ரெப்ஸ் வந்தாள். வயது முப்பத்தொன்று. பணியாளர் துறையில் ஆறு வருடம் இருந்தவள். சம்பளப் படிநிலை எல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும் என்பதால் இந்த மசோதாவுக்காக இரண்டாவது செயலராகப் போட்டார்கள். ஸ்டாட்லரின் வலது பக்கம் ஒரு நாற்காலி போட்டார்கள்.

முதல் வாரம் ஓர் உறுப்பினர் கேட்டார்: "இந்த 'காலியிடச் சேமிப்பு'ன்னா என்னன்னு யாராவது எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்களேன். பத்து வருஷமா தலையாட்டிட்டு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாட்லர் ஜோடியைப் பார்த்தார்.

"நூறு நாற்காலிக்குச் சம்பளம் கேக்குறாங்க. எப்படியும் நாலு நாற்காலி காலியாத்தான் இருக்கும்னு நாம தொண்ணூத்தாறுக்குத்தான் தர்றோம்" என்றாள் ஜோடி. "நாலு பேர் வேலையை விடலைன்னா, யாரையாவது விட வைக்கணும். அவ்வளவுதான்."

"நாற்காலியா சொன்னாத்தான் புரியுது" என்றார் ஸ்டாட்லர். அப்படி அவர் வாய்விட்டுச் சிரித்து வெல்மா பார்த்து நாளாகிவிட்டது.

அவளுக்கும் அது தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சொல்லைக் குறிப்பில் எழுதியவள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இத்தனை பேர் முன்னால் அவளுக்கு நாக்கு எழும்பியிருக்காது. அதுதான் அதிகம் எரிந்தது.

பிறகு அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒரு நாளில் ஸ்டாட்லர் இடது பக்கம் எத்தனை தடவை திரும்புகிறார், வலது பக்கம் எத்தனை தடவை. குறிப்பேட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள். ஜனவரி முடிவில் இரண்டும் சரிக்குச் சரி. பிப்ரவரியில் வலது பக்கம் பெருகியது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், தலையை வலது பக்கம் சாய்த்தார். ஜோடிக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. அவருக்கு ஏதோ தேவை என்று எண்ணித் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். அவரும் குடித்தார்.

கதவுக் காவலர் இவான் பெட்ரிச் சுரங்க ஊர்க்காரர். யாரையும் விடாமல் கிண்டல் செய்வார்.

"என்ன வெல்மா, இன்னைக்கு மூணு பென்சில் முனை ஒடிஞ்சுது போல."

"மட்டமான பென்சில்."

"பென்சில் மட்டமா, வலது பக்கத்து நாற்காலி மட்டமா?"

"உன் வேலை கதவு. கதவைப் பாரு."

"கதவையும் பார்க்குறேன், காயுற முகத்தையும் பார்க்குறேன். ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான்."

ஜோடி கெட்டவளாக இருந்திருந்தால் வெல்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. முழங்கால் வலியைக் கவனித்து, மேல்மாடி நிதி ஆய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டிய கோப்புகளைத் தானே எடுத்துப் போனாள். "நீங்க உட்காருங்க வெல்மா, நான் ஓடிட்டு வந்துடறேன்." கோப்பு போன வழியில் மேல்மாடிக்காரர்களின் அறிமுகமும் ஜோடியிடம் போனது. இரண்டே வாரத்தில் அவர்கள் தொலைபேசியில் ஜோடியைக் கேட்டார்கள்.

மசோதாவைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட நாளில் சாலைத் துறை ஊழியர் ஒருவர் எழுந்து, முப்பது வருடம் பனி வாரியவனுக்கு மரியாதை வேண்டாமா என்று கேட்டார். அவர் போன பிறகு ஸ்டாட்லர் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "முப்பது வருஷம் ஒரே நாற்காலியில இருந்தா, பரிசை நாற்காலிக்குத்தான் கொடுக்கணும்." ஜோடியும் சிரித்தாள். வெல்மா அதைக் குறிப்பில் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அது எங்கும் போகவில்லை.

மார்ச் மாதம் ஒரு பனிப்புயல் வாரத்தில் மசோதா முடிவுக்கு வந்தது. அன்று காலை கெயில் டார்ஸ்கி என்ற உறுப்பினர் ஊருக்குப் புறப்பட்டார். அவர் பண்ணையில் மாடுகள் கன்று போட்டுக்கொண்டிருந்தன. கணவர் ஒருவரால் சமாளிக்க முடியாது. வர முடியாத உறுப்பினர் தன் வாக்கைப் பச்சைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுச் செயலரிடம் விட்டுப்போகலாம். பெயர் வாசிக்கும்போது செயலர் அதைச் சொல்வார். சீட்டின் அடியில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும்: மசோதாவில் திருத்தம் வந்தாலும் இதே வாக்கு. கட்டத்தில் குறி இல்லையென்றால், மசோதாவில் ஒரு சொல் மாறினால்கூட அந்தச் சீட்டு செல்லாது.

இருபத்திரண்டு வருடமாகச் சீட்டுகள் வெல்மாவின் கையில்தான் வரும். அன்று அவள் நகல் எடுக்கும் அறையில் இருந்தாள். டார்ஸ்கி அவசரத்தில் ஜோடியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜோடி அதைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட கொடுத்துடு" என்றாள் வெல்மா.

"பரவாயில்லை வெல்மா, உங்களுக்கு ஏற்கெனவே வேலை நிறைய. நான் பார்த்துக்கறேன்."

வெல்மா கையை இழுத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஓர் இளம் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். புதியவர்கள் மட்டும் ஏன், இருப்பவர்களையும் சேர்த்துவிடுவோம், அப்போதுதான் செலவு குறையும். குரல் வாக்கெடுப்பில் திருத்தம் ஏறியது. ஸ்டாட்லர் திருத்திய மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்டார். வெல்மா பெயர்களை வாசித்தாள். ஆம், இல்லை, இல்லை, ஆம்.

"டார்ஸ்கி."

"சீட்டு இருக்கு. ஆம்" என்று சொல்லி ஜோடி அதை மேசையில் அவள் பக்கம் தள்ளினாள்.

வெல்மா பார்த்தாள். அடியில் கட்டம் காலி. டார்ஸ்கி தன் தொகுதிச் சாலை ஊழியர்களுக்கு, இருப்பவர்களைத் தொட விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தது அவளுக்குத் தெரியும். இது செல்லாது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சில் அவள் நினைத்தது டார்ஸ்கியையோ சாலை ஊழியர்களையோ அல்ல. 'நீ பார்த்துக்கறதாத்தானே சொன்னே. பார்த்துக்கோ.'

"டார்ஸ்கி, ஆம், சீட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த பெயரை வாசித்தாள். பத்துக்கு ஒன்பது. மசோதா நிறைவேறியது. நிரந்தரச் செயலர் என்ற வரியும் அதனோடு நிறைவேறியது. அன்று மாலை வெல்மாவால் சாப்பிட முடியவில்லை. ஆனால் தூங்கினாள்.

மூன்றாம் நாள் டார்ஸ்கி சேறு காயாத காலணியோடு குழு அறைக்குள் வந்தார்.

"நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன், நீங்க எதுக்கு அதை எண்ணினீங்க? எங்க ஊர்ல பெட்ரோல் பங்குல கூட எனக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான்."

ஸ்டாட்லர் சீட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு செயலர்களையும் தன் சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஜோடி முந்திக்கொண்டாள். "என் தப்புதான் தலைவரே. அந்தக் கட்டம் எதுக்குன்னே எனக்குத் தெரியாது. தெரியலைன்னா கேட்டிருக்கணும். கேக்கலை."

"விடு. புதுசு. எல்லாரும் ஒரு தடவை விழுந்துதான் எழுந்திருக்கோம்" என்றார் ஸ்டாட்லர்.

அதை அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பதை வெல்மா கவனித்தாள். தப்பு செய்தாலும் இவளுக்கு இந்தக் குரல்தான்.

பிறகு அவர் வெல்மா பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "வெல்மா, இந்தச் சீட்டை இருபத்திரண்டு வருஷமா பார்க்குறவ நீ. உன் கண்ணுலயே தப்பிடுச்சா? கண்ணாடி மாத்தணுமாம்மா?"

ஆமாம் என்றால் முடிந்தது. வயதாகிவிட்டது, கண் மங்குகிறது, பாவம் என்று விட்டுவிடுவார்கள். ஜோடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் அதே பரிவு அந்தக் கண்ணில் இருந்தது. கெட்டவள் என்று பேர் வாங்கினாலும் வாங்கலாம், இவள் முன்னால் கண் தெரியாதவள் என்று மட்டும் வாங்க முடியாது என்று வெல்மாவுக்குப் பட்டது.

"தப்பலை" என்றாள். "பார்த்தேன்."

"பார்த்தியா?"

"கட்டம் காலியா இருந்தது. பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

வெளியே யாரோ நடைபாதையில் காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டாட்லர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டதா, விளங்கிக்கொள்ள விருப்பமில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அந்த முகத்தில் அவளுக்குப் படிக்க வராதது அது ஒன்றுதான்.

"சரி. மறுவாக்கெடுப்பு வைக்கணும்" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலையில. நீயே வாசி."

மறுநாள் அவளே வாசித்தாள். டார்ஸ்கி, "இல்லை" என்றார், அறை அதிரும்படி. ஒன்பதுக்குப் பத்து. மசோதா விழுந்தது. சம்பள மாற்றமும் போனது, அந்த ஒரே இடமும் போனது. வெல்மா எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திட்டு ஸ்டாட்லரிடம் நீட்டினாள். அவர் அவளைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

நகல் அறையில் ஜோடி வந்து நின்றாள்.

"என்மேல கோபம்னா திட்டியிருக்கலாமே வெல்மா."

"எனக்குத் திட்ட வராது."

"அதுக்காக இப்படியா? நான் விழுந்தது பத்தாதுன்னு நீங்களும் சேர்ந்து விழுந்தீங்க. வர வேண்டிய வேலையும் போச்சு."

"உனக்கு வர வேண்டியதா, எனக்கு வர வேண்டியதா?"

"உங்களுக்குத்தான்னு நினைச்சிட்டிருந்தேன். அவர் அப்படித்தான் சொல்லிட்டிருந்தார்."

வெல்மா இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள், மூடினாள். காகிதம் எதுவும் வைக்கவில்லை. ஜோடி போய்விட்டாள். அந்த அறையில் நடந்ததையும் தலைவர் அறையில் நடந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இவானுக்குக்கூடத் தெரியாது, தெரிந்திருந்தால் அவர் சும்மா இருந்திருக்க மாட்டார். அப்படி வாயை மூடிக்கொண்டிருக்கும் பெருந்தன்மையும் அவளிடமே இருக்கிறதே என்று வெல்மா அதற்கும் பொருமினாள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஸ்டாட்லர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை; பண்ணையில் வைக்கோல் விற்கிறார். குழுவுக்கு இப்போது டார்ஸ்கி தலைவர். ஜோடி தேர்வு எழுதி, சட்டமன்றத்தின் நிதி ஆய்வுப் பிரிவில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். வெல்மாவுக்கு அறுபத்தொன்று. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஜனவரியில் வந்து நான்கு மாதம் பெயர் வாசிக்கிறாள், மற்ற நாள் பள்ளியில் சமைக்கிறாள். முழங்காலுக்கு இன்னும் சிகிச்சை செய்யவில்லை. கணக்கில் சந்தேகம் வந்தால் டார்ஸ்கி மேல்மாடிக்குத் தொலைபேசி போடச் சொல்கிறார். வெல்மா எண்ணை அழுத்தி, ஜோடி எடுத்ததும், தலைவர் பேசுகிறார் என்று சொல்லித் தொலைபேசியை டார்ஸ்கியிடம் கொடுக்கிறாள்.