இல்லாத விமானத்தின் மிதவைகள்

ஜெர்மன் மொழி எனக்கு வந்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த மாதங்களைப் போல ஆபத்தான காலம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது. ரொட்டிக் கடையில் கேட்டது கிடைத்தது. அதாவது, விரலால் காட்டியது கிடைத்தது. அந்தத் தைரியத்தில், ஒரு மனிதரின் செத்துப்போன தம்பியைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே வேடிக்கை பேசிய மகா புத்திசாலி நான்.

அறுபதுகளின் கடைசி. ஹம்பர்க்கில், கப்பல் மாதிரிகளை நீளமான தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். எதிர் அறையில் கீழக்கரைக்காரன் ஒருவன், வேதியியல் ஆராய்ச்சி செய்பவன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். போர்க்காலத்தில் விமானப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் செலவழிக்காதவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் இருவரையும் காப்பிக்கு அழைத்தார். சுவரில் விமானி உடுப்பில் ஓர் இளைஞனின் படம். யார் என்று கேட்டேன்.

"தம்பி. வட கடலில் போய்விட்டான். ஷ்விம்மர் இல்லை."

ஷ்விம்மர் என்றால் நீந்துகிறவன். என் பாடப்புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. பாவம், நீச்சல் தெரியாமல் மூழ்கியிருக்கிறான் என்று நினைத்தேன். சூழ்நிலையை லேசாக்குவது என் பிறவிக் கடமை ஆயிற்றே. "நானும் ஷ்விம்மர் இல்லை" என்றேன். "மெரினாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். தண்ணீர் முழங்காலைத் தொட்டால் வீட்டுக்கு ஓடிவிடுவேன். உங்கள் தம்பியும் கரையிலேயே நின்றிருக்கலாம்." சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மாடிக்கு வந்ததும் நண்பன் கதவைச் சாத்தினான்.

"மாப்ள, நீ என்ன சொன்னேன்னு தெரியுதா ஒனக்கு?"

"ஜோக் சொன்னேன்."

"ஷ்விம்மர்னா மிதவையும்தான்டா. ஃப்ளோட். தண்ணில எறங்குற ப்ளேனுக்குக் கீழ படகு மாதிரி ரெண்டு இருக்குமே, அது. தம்பியோட ஃபைட்டர்ல அது இல்ல, அதனால முங்கிட்டான்னு சொல்றாரு மனுஷன். நீ என்னடான்னா கரையில நின்னிருக்கலாமேங்குற."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?"

"கக்கூஸ் தண்ணித் தொட்டிக்குள்ள மெதக்குற உருண்டைக்கும் அதே வார்த்தைதான். போய் மன்னிப்புக் கேளு."

மறுநாள் மன்னிப்பை வாக்கியமாக எழுதி, மனப்பாடம் செய்து, கீழே போய் ஒப்பித்தேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. வா என்று தலையசைத்து நிலவறைக்கு அழைத்துப் போனார். அங்கே மேசைமேல் மரத்தில் செதுக்கிய போர் விமானம் ஒன்று, என் கை நீளத்துக்கு. சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மிதவைகள்.

நேற்று பட்டது போதாதா? போதவில்லை. கல்லூரி நூலகத்தில் பழைய விமானப் பத்திரிகைகளை மேய்ந்தவன் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு மிதவை மாட்டிப் பார்த்ததையும், ஜப்பான்காரர்கள் தங்கள் சீரோ விமானத்துக்கு நடுவில் பெரிதாக ஒன்றும் இறக்கைகளுக்கடியில் சிறிதாக இரண்டும் மாட்டி நிஜமாகவே சண்டைக்கு அனுப்பியதையும் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அளந்தேன். "ஆனால் மிதவையோடு இந்த விமானம் கற்பனை. இதற்கு மிதவை மாட்டிப் பறக்கவிட்டதே இல்லை" என்று தீர்ப்பும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "இல்லாமல் போனது என்னால்தான்."

பிறகு அவர் சொன்னது, அவர் அளவுக்கு நீண்ட பேச்சு. கடலோரப் பட்டறையில் இந்த விமானத்துக்கு மிதவை மாட்டலாம் என்று வரைபடம் வந்தது. அனுபவமுள்ள ஃபிட்டர் என்று இவரைக் கேட்டார்கள். இவ்வளவு எடையைச் சுமந்துகொண்டு யாரையும் துரத்த முடியாது, வீண் வேலை என்றார். வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த குளிர்காலம் தம்பி இதே ரக விமானத்தில் சக்கரத்தோடு கடல்மேல் பறந்தான். இயந்திரம் நின்றது. தண்ணீரில் நல்லபடியாகத்தான் இறக்கினான். இறக்கைமேல் ஏறி நின்றதைப் பக்கத்து விமானத்தில் பறந்தவன் பார்த்திருக்கிறான். உதவி வருவதற்குள் விமானம் அமிழ்ந்துவிட்டது.

"உங்கள் தொட்டியில் அலை எழுப்ப முடியும், இல்லையா?" என்று மாதிரியை என் பக்கம் தள்ளினார். "நின்றிருக்குமா, கவிழ்ந்திருக்குமா? எனக்கு அது தெரிய வேண்டும், ஹெர் இன்ஜெனியர்."

நண்பனுக்கு இது பிடிக்கவில்லை. "அவன் யாருக்காகப் பறந்தான்னு தெரியும்ல?"

"தெரியும்."

"சரி, அத விடு. மெதந்துச்சுன்னா என்ன சொல்லுவே? ஆமா பெரியவரே, ஒங்க தம்பிய நீங்கதான் கொன்னீங்கன்னா?"

"கவுந்துடும்டா. பாத்தாலே தெரியுது."

மதிய இடைவேளையில் தொட்டிக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். மிதவைகளுக்குள் ஈயக் குண்டு வைத்து எடையைச் சரிசெய்து, மாதிரியைத் தண்ணீரில் விட்டு, தொட்டியின் கோடியில் இருந்த அலைப் பலகையை ஓட்டினேன். முதல் அலையில் மூக்கைத் தாழ்த்தி நிமிர்ந்தது. அலையைக் கூட்டினேன். பக்கவாட்டில் ஆடியது, நின்றது. இன்னும் கூட்டினேன். வாயில் ரொட்டியோடு தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டு, "கவுந்து தொலையேன்" என்று ஒரு மரப்பொம்மையைத் தமிழில் வேண்டிக்கொண்டிருந்தேன். அது வாத்தைப் போல உட்கார்ந்திருந்தது.

ஆனால் இதில் நியாயமான ஒரு சந்தேகம் இருந்தது. மிதந்து நிற்பது வேறு, வேகத்தோடு வந்து அலைமேல் இறங்குவது வேறு. இறங்கும்போதே மிதவை முறிந்து குட்டிக்கரணம் போட்டிருக்கலாம். அதை என் தொட்டி சொல்லாது. "இறங்கியிருந்தால் மிதந்து நின்றிருக்கும். முறியாமல் இறங்கியிருக்குமா என்று தெரியாது." அவ்வளவுதான் உண்மை. இரண்டே வாக்கியம், இரண்டுக்கும் வேண்டிய ஜெர்மன் என்னிடம் இருந்தது. பேருந்தில் மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கோட்டுகூடப் போடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டு வாக்கியமும் போய்விட்டன.

"கவிழ்ந்துவிட்டது!" என்றேன், பரீட்சையில் தேறியவன் மாதிரி. "முதல் அலையிலேயே தலைகீழாகத் தண்ணீருக்குள். நான் சைக்கிளிலிருந்து விழுவேனே, அப்படி. அன்று நீங்கள் சொன்னதுதான் சரி."

அவர் சிரிக்கவில்லை. மாதிரியை வாங்கிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விமானி அறைக்குப் பின்னால், விமானத்தின் முதுகில், தம்பியின் விமான எண்ணை மைப் பேனாவால் மெல்லிய தாளில் எழுதி மாவுப் பசையால் ஒட்டியிருந்தார். அந்தத் தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். தாள் நகரவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது.

"மை கலையவே இல்லை, ஹெர் இன்ஜெனியர்."