ரேவதியின் சாவியில் எட்டு மாதம்

கணினிப் பதிவேட்டிலும் என் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலிலும் சரிபார்த்தவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். பதற்றத்தில் நடந்ததை நினைவு தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளும். அன்று தவறியவன் நான்.

கும்பகோணத்தில் நால்வர் பணிபுரியும் மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. நன்னிலம் பக்கத்து உழவர் குழு ஒன்றுக்கு அறுவடை இயந்திர முன்பதிவுத் தளம் செய்து கொடுத்திருந்தோம். குழுவிடம் இருந்தது ஒரே இயந்திரம். காலை பத்து மணிக்குப் பதிவு திறக்கும். முதலில் பதிந்தவர் வயலில் அது முதலில் இறங்கும்.

அந்தக் குறுவை அறுவடை நாளில் பக்கம் திறந்தது, பதிவு ஏறவில்லை. குழுச் செயலாளர் செல்வராசு அழைத்தார்.

"சார், கெழக்க கறுத்துக்கிட்டு வருது. கதிரு சாஞ்சு கெடக்கு. சனம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்குது."

முந்தைய நாள் நான் மாற்றி ஏற்றிய ஒரு நிரல் வரியில் பிழை. ஐந்து நிமிடத்தில் திருத்தி, தளத்தின் நிரல் இருக்கும் இணையக் களஞ்சியத்துக்கு ஏற்றப் புஷ் செய்தேன். அனுமதி மறுக்கப்பட்டது. மறுப்புச் செய்தியில் இருந்த பெயர் ரேவதி. எட்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுச் சென்னை போனவர்.

நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் மென்பொருளின் அமைப்பில் என் பெயரையும் மின்னஞ்சலையும் மீண்டும் பதிந்தேன். மறுப்பு. இன்னொரு முறை பதிந்தேன். அந்தப் பெயர் நிரலை எழுதியவரைக் குறிக்குமே தவிர, கதவைத் திறக்காது. தெரிந்தும் அதையே செய்துகொண்டிருந்தேன். செல்வராசு மூன்று முறை அழைத்தார், எடுக்கவில்லை.

பத்து முப்பத்தைந்துக்கு ரேவதியை அழைத்தேன். அவருடைய பழைய கணினிதான் என் மேசையில் இருந்தது.

"நான் போயி எட்டு மாசமாச்சு சார். இன்னும் என் சாவியப் போட்டுத்தான் உள்ள போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, "நேத்து என் பேர லிஸ்ட்லேருந்து எடுத்தீங்களா?" என்றார்.

எடுத்திருந்தேன். முந்தைய மாலை, கடைசிப் புஷ் முடிந்த பின், களஞ்சியத்தின் அனுமதிப் பட்டியலைச் சீர்செய்தேன். கணினி சேமித்து வைத்திருந்த அவருடைய நுழைவுச் சான்றைக் கொண்டே அதுவரை என் வேலை உள்ளே போயிருக்கிறது. கமிட்டுகள் எனப்படும் மாற்றக் குறிப்புகளில் என் பெயர் தெரிந்ததால் நான் ஐயுறவில்லை.

அவரை மீண்டும் சேர்த்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம் சார். நாளைக்கு ஏதாச்சும்னா என்னையத்தான் கேப்பாங்க. உங்க பேர்லயே போங்க."

சேமிப்பிலிருந்த அவர் சான்றை நீக்கி, என் கணக்கில் நுழைவுச் சாவியாகப் புதிய டோக்கன் எடுத்து, திருத்தத்தை ஏற்றினேன். பத்து ஐம்பதுக்குத் தளம் ஓடியது.

மூன்றாம் வயல் முடியும்போது மழை பிடித்தது. பட்டியலில் நான்காமவர் அஞ்சலை. மாலையில் அழைத்தார்.

"பத்து மணிக்கே அமுக்குனேங்க. சுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப வயல்ல தண்ணி நிக்குது."

கணினி எந்தக் கணக்கில் உள்ளே போகிறது என்று பார்த்த பின்பே இப்போது நான் எவர் பெயரையும் நீக்குகிறேன்.

அந்த ஐம்பது நிமிடத்தில் தோல்வியடைந்த முன்பதிவு முயற்சிகளைத் தளம் குறித்து வைக்கவில்லை. அஞ்சலை முதலில் அமுக்கினாரா என்பது எனக்குத் தெரியாது.