முக்கிய விருந்தினர் வரும் வரை

மராத்தி பேசும் ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பிதழில் மல்லிகாவின் பொம்மலாட்டத்துக்கு நேரம் போடுவதில்லை. 'முக்கிய விருந்தினர் வரும் வரை' என்றுதான் அச்சடிப்பார்கள். அதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நன்றியுரைக்குக்கூட ஐந்து நிமிடம் உண்டு. குழந்தைகளைச் சிரிக்க வைப்பவருக்குக் கிடையாதாம்!

மல்லிகா போசரி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வாரம் முழுக்க இரும்புத் துண்டுகளை அளந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வானவடி வீட்டில் உட்கார்ந்து பழைய சாக்ஸில் பொம்மை தைப்பார். தொப்பை இன்ஸ்பெக்டர், சுருதி சேராத காக்கை, இன்ஸ்பெக்டரின் விசிலை விழுங்கிய ஆடு. ஆடு வாயைத் திறந்தால் விசில் கேட்கும். திரைக்குப் பின்னால் ஊதுவது நான்.

அந்த விசில் எப்படி வெளியே வருகிறது என்பதுதான் கடைசி உருப்படி. ஐந்து பொங்கலாக அதை ஆட விட்டதில்லை. வாசலில் கார் வந்து நின்றதும் செயலாளர் வாசுதேவன் மைக்கை அணைத்துவிடுவார். பிள்ளைகள் "அப்புறம் என்னாச்சு ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே கலைந்து போகும். மல்லிகா பொம்மைகளைப் பையில் போடுவார்.

இந்த வருடம் ஒரு மாதம் முன்பே நாற்பது நிமிடம் கேட்டு வைத்தார். "பாத்துக்கலாம் மேடம்" என்றார் வாசுதேவன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். கடைசி உருப்படி தொடங்கியதுமே விருந்தினர் வந்துவிட, மைக் செத்தது.

"சலோ மேடம், முடிங்க. சீஃப் கெஸ்ட் வந்துட்டார்."

ஆட்டுகிறவர் முகம் காட்டக் கூடாது என்பதில் மல்லிகா படு கறார். நான் தும்மினால்கூட முறைப்பார். அப்படிப்பட்டவரே ஒரு கையில் ஆடும் மறு கையில் இன்ஸ்பெக்டருமாகத் திரைக்கு மேலே தலையை நீட்டி விருந்தினரைப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. முன்னாடி நாற்காலி காலியா இருக்கு, உக்காருங்க. இன்னும் ஏழு நிமிஷந்தான்."

விருந்தினர் உடனே உட்கார்ந்தார். மல்லிகா மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்தினார். நான் பிடித்த காக்கை பாடியது, அதைச் சகிக்க முடியாமல் ஆடு ஒரே தும்மலில் விசிலை இன்ஸ்பெக்டர் வாய்க்குள் தள்ளியது. நான் மூச்சு முட்ட ஊதினேன். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள்.

வாசுதேவன் கையில் பொன்னாடையோடு திரைக்குப் பின்னால் வந்தார். "இது சரியில்ல மேடம். கமிட்டில பேசறேன். அடுத்த வருஷம் உங்களுக்கு மேடை கிடையாது."

மல்லிகா வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பேசுங்க சார். நான் முடிச்சுட்டேன்."